கேள்வி கணக்கு இம்மையிலும் உண்டு

“கேள்வி கணக்கு” என்ற சொல் காதில் விழுந்தால் நம் வீட்டுப் பெண்களின் உள்ளம் மறுமையை எண்ணி நடுங்கும். கப்றில் கேள்வி உண்டு, மஹ்ஷரில் கணக்கு உண்டு என்று சிறு வயதில் உம்மாவின் மடியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அச்சம் ஈமானின் அடையாளம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கேள்விக்கு ஆயத்தமாகும் களம் இந்த உலகம்தான் என்பதை நாம் மறந்து விடுகிறோம். ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பாளர், தம் பொறுப்பில் விடப்பட்டவை பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்தார்கள். ஆட்சியாளருக்கு ஒரு பொறுப்பு என்றால் வீட்டுத் தலைவிக்கும் ஒரு பொறுப்பு என்று அதே ஹதீஸ் எடுத்துரைக்கிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் அது பதிவாகியுள்ளது.

அப்படியானால் நாட்டின் பொதுப்பணத்தைக் கையில் வைத்திருக்கும் அமைச்சரை இங்கே யார் விசாரிப்பது? நெளுக்குளம் சந்தியில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் ஒரு தாய்க்கும் கொழும்பில் இருக்கும் ஓர் அமைச்சருக்கும் இடையே என்ன தொடர்பு? இதைத்தான் சகோதரிகளோடு பேச விரும்புகிறேன்.

சபையில் நடப்பது என்ன?

இலங்கைப் பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்த வன்னித் தேர்தல் தொகுதிக்கு அவர்களில் ஆறு பேர். கிளிநொச்சி வன்னி மண்ணாக இருந்தாலும் தேர்தலில் அது யாழ்ப்பாணத் தொகுதியோடு சேர்ந்தது. சபை கூடும் நாட்களில் “வாய்மூல விடைக்கான வினாக்கள்” என்று ஒரு நேரம் ஒதுக்கப்படுகிறது. உறுப்பினர் ஒருவர் தம் வினாவை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். அது ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகும். உரிய அமைச்சர் எழுந்து விடை சொல்ல வேண்டும். விடை போதாது என்றால் உறுப்பினர் அதே இடத்தில் துணைக் கேள்வி கேட்கலாம். கேட்டதும் சொன்னதும் ஹன்சாட் என்னும் அறிக்கையில் அச்சேறிவிடும்.

“கேட்டால் மட்டும் வந்துவிடுமா?” என்று சிலர் அலுத்துக் கொள்வார்கள். ஒரு விஷயத்தை அவர்கள் கவனிப்பதில்லை. ஒரு வினா எழுத்தில் போனதும் அமைச்சிலிருந்து திணைக்களத்துக்குக் கடிதம் போகிறது. திணைக்களம் மாவட்ட அலுவலகத்தைக் கேட்கிறது. தூசி படிந்து கிடந்த கோப்பு அலுமாரியிலிருந்து மேசைக்கு வருகிறது. எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது, மீதி எங்கே என்று யாரோ ஒருவர் கையொப்பமிட்டு எழுதியாக வேண்டும். கேள்வியின் முதல் பலன் அந்தக் கோப்பு திறக்கப்படுவதுதான். சபையில் நடக்கும் வாக்குவாதம் அதற்குப் பின்னர் வருவது.

ஆம், குறைகளும் உண்டு. விடையளிக்கக் கால அவகாசம் வேண்டும் என்று அமைச்சர் கேட்பதும், நீண்ட விடையை வாசிக்காமல் சபாபீடத்தில் வைத்துவிடுவதும், கேட்ட உறுப்பினரே அன்று சபைக்கு வராமல் விடுவதும் நடக்கின்றன. ஆயினும் கதவு இருக்கிறது. தட்டாதவர்கள் அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இந்த வழக்கம் வந்த பாதை

அமைச்சரிடம் கேள்வி கேட்ட முதல் பதிவு 1721ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையில் இருக்கிறது. தென்கடல் கம்பனி என்ற வியாபாரம் வீழ்ந்து மக்களின் பணம் கரைந்து போன சமயம் அது. ஓடிப் போன காசாளர் பிடிபட்டாரா என்பதே அன்றைய கேள்வி. மக்களின் பணம் எங்கே என்ற கவலையில் பிறந்த வழக்கம் இது.

நம் நாட்டில் சட்டநிரூபண சபை 1833இல் அமைந்தது. முஸ்லிம்களுக்கென்று ஒரு பிரதிநிதி அதில் அமர 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எம்.சி. அப்துல் ரஹ்மான் அவர்களே அந்த முதல் உறுப்பினர். 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவின் பல நாடுகளில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்காத காலம் அது. அதே ஆண்டு அடிலின் மொலமூரே அம்மையாரும், அடுத்த ஆண்டு நேசம் சரவணமுத்து அம்மையாரும் அரசாங்க சபைக்கு வந்தனர். நம் சமூகத்தில் ஆயிஷா ரவூப் அவர்கள் 1949இல் கொழும்பு மாநகர சபைக்கும், பேரியல் அஷ்ரப் அவர்கள் 2000ஆம் ஆண்டில் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார்கள். ஆகவே “இது பெண்களுக்கு ஆகாத விஷயம்” என்ற பேச்சுக்கு நம் வரலாற்றில் இடமில்லை.

ஒரு கேள்வி அசைத்த நாற்காலி

கேள்விக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை அண்டை நாட்டில் பார்க்கலாம். 1957 டிசம்பரில் இந்திய மக்களவையில் ஒரு வினா எழுந்தது. ஏழை எளியவர்கள் மாதாமாதம் கட்டும் பணத்தைக் காக்கும் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பனிப் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாவுக்கு ஏன் வாங்கியது என்பதே அது. இதை விடாமல் தொடர்ந்தவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளும் கட்சிக்காரர், அதற்கும் மேலாகப் பிரதமர் நேருவின் மருமகன். மாமனாரின் அரசாங்கத்தைத்தான் அவர் கேட்டார்! நீதிபதி எம்.சி. சாக்ளா அவர்களின் தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. 1958 பெப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். உறவும் கட்சியும் அமானிதத்துக்கு முன் நிற்கக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

மறுபக்கமும் உண்டு. 2005 டிசம்பரில் அதே இந்தியாவில், கேள்வி கேட்பதற்குக் கையூட்டு வாங்கிய குற்றத்துக்காக 11 உறுப்பினர்கள் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். மக்களுக்காகக் கேட்க வேண்டிய வாயை விற்றுவிட்டால் அது லஞ்சத்திலும் கீழான லஞ்சம்.

இஸ்லாம் கண்ட கேள்வி

கேள்வி கேட்பதை மேற்கத்தியர் தந்த பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக மிம்பரில் நின்றபோது, எல்லோருக்கும் ஒரு துணி கிடைத்திருக்க உங்கள் உடலில் மட்டும் இரண்டு எப்படி என்று சபையில் ஒருவர் கேட்ட சம்பவம் வரலாற்று நூல்களில் சொல்லப்படுகிறது. கலீபா கோபப்படவில்லை. தம் மகனை எழுந்து விடை சொல்லச் சொன்னார். தம் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததாக அப்துல்லாஹ் (ரலி) விளக்கினார். கேட்டவர், இனிச் சொல்லுங்கள், செவிமடுக்கிறோம் என்றார். பைத்துல் மாலின் ஒரு முழத் துணிக்கும் கணக்குக் கேட்ட சமுதாயம் அது. கவர்னர்கள் மீது முறைப்பாடு வந்தால் நேரில் போய் விசாரிக்க முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை உமர் (ரலி) அனுப்பி வைத்ததும் நாம் அறிந்ததே.

பெண்களுக்கு இதைவிடப் பெரிய சான்று அல்குர்ஆனிலேயே இருக்கிறது. கவ்லா பின்த் தஃலபா (ரலி) என்ற ஸஹாபிப் பெண், தம் கணவர் சொன்ன ஒரு சொல்லால் குடும்பம் சிதையும் நிலை வந்தபோது நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார், விடாமல் வாதாடினார். அதே அறையின் ஓரத்தில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே கேட்காத அந்த மெல்லிய பேச்சை ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் கேட்டான். ஓர் அத்தியாயமே “அல்முஜாதலா” என்று அவரது வாதத்தின் பெயரால் தொடங்குகிறது. பின்னாளில் அந்த மூதாட்டி தெருவில் நிறுத்தி உபதேசித்தபோது கலீபா உமர் (ரலி) நெடுநேரம் நின்று கேட்டார்கள்.

கேட்பதற்கும் ஒழுக்கம் உண்டு. கொண்டு வரப்பட்ட செய்தியை விசாரித்துத் தெளிவு பெறும்படியும், தவறான சந்தேகத்தைத் தவிர்க்கும்படியும் சூரத்துல் ஹுஜுராத் கட்டளையிடுகிறது. எதிரியை அவமானப்படுத்தக் கேட்பது ஒன்று, உண்மையை அறியக் கேட்பது வேறொன்று.

நம் மண்ணில் இரண்டு காட்சிகள்

மன்னார் வீதியின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கும் ஊர்களில் யார் யார் வாழ்கிறார்கள்? 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் போருக்குப் பின் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. 2009க்குப் பின் முகாம்களிலிருந்து வெளியே வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வீதியும் தண்ணீரும் பஸ்ஸும் இரு சாராருக்கும் ஒன்றே. ஒருவர் கேட்டால் மற்றவருக்கும் கிடைக்கும்.

வவுனியாவின் பொருளாதார மத்திய நிலையத்தை எடுத்துக் கொள்வோம். விவசாயிகளின் மரக்கறிக்கு நல்ல விலை கிடைக்க ஒரு மொத்தச் சந்தை வேண்டும் என்பதே நோக்கம். 2016இல் அதை எங்கே அமைப்பது என்று ஓமந்தைக்கும் தாண்டிக்குளத்துக்கும் இடையே பெரும் இழுபறி நடந்தது. இறுதியில் மதவுவைத்தகுளத்தில் பல கோடி ரூபா செலவில் கட்டடம் எழுந்தது. எழுந்த பின்னும் அது பல ஆண்டுகள் திறக்கப்படாமல் பூட்டிக் கிடந்தது. தோட்டத்தில் வெயில் காய்ந்து வெண்டியும் கத்தரியும் பறித்த பெண்ணுக்கு அந்த ஆண்டுகளின் நட்டத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?

இத்தகைய விஷயத்தில் “ஏன் திறக்கவில்லை?” என்று பொதுவாகக் கேட்டால் “நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற விடைதான் வரும். எவ்வளவு செலவானது, கட்டி முடிந்த திகதி எது, கடைகளை யாருக்கு எந்த முறையில் கொடுப்பது, தடையாக இருப்பது எந்த அனுமதி, எந்தத் திகதிக்குள் திறக்கப்படும் என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். எண்ணும் திகதியும் கேட்கும் வினாவிலிருந்து நழுவுவது கடினம்.

ரெயில் பாதையைப் பாருங்கள். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே நின்று போன ரெயில் மறுபடி யாழ்ப்பாணத்தைத் தொட 2014 அக்டோபர் 13 வரை, 24 ஆண்டுகள் சென்றன. ஆனால் 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் திருத்த வேலைக்காக நிறுத்தப்பட்ட சேவை அதே ஆண்டு ஜூலையில் தொடங்கிவிட்டது. முன்னதைத் தடுத்தது யுத்தம். யுத்தம் இல்லாத நாட்டில் ஒரு பொது வேலை இழுபட்டால் அதற்குக் காரணம் கேட்பது நம் உரிமை.

குடிநீரோ எல்லாவற்றிலும் அவசரம். நமக்குத் தெற்கே அநுராதபுரத்தை வாட்டும் சிறுநீரக நோய் வவுனியாவையும் விடவில்லை. பேராற்று நீர்த்தேக்கத்திலிருந்து வவுனியாவுக்குக் குடிநீர் தரும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வகுக்கப்பட்டது. அந்தக் குழாய் எந்த வீதி வரை வந்தது, அடுத்த வீதிக்கு எப்போது வரும் என்பது பெண்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஏனெனில் குடம் சுமப்பது அவர்களின் இடுப்பு.

எந்தக் கதவைத் தட்டுவது?

மதரஸாவில் பிள்ளையை விட்டுச் செல்ல வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “மௌலவி, எங்கட ஒழுங்கை மழைக்குக் குளமாகுது. எம்பிகிட்டச் சொன்னா பிரதேச சபைக்குப் போகச் சொல்றாங்க. அங்க போனா மாகாணத்துக்குப் போகச் சொல்றாங்க. நாங்க எங்கதான் போறது?”

நியாயமான கேள்வி. பொதுவாக ஊரின் உள்ளொழுங்கைகளும் தெருவிளக்கும் குப்பையும் பிரதேச சபையின் பொறுப்பு. வவுனியா - மன்னார் வீதி போன்ற பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேரும். இடைப்பட்ட வீதிகளும் பெரும்பாலான பாடசாலைகளும் மாகாணத்தின் கீழ் வரும். குழாய்நீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும், சிவப்புப் பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கும் உரியவை. அவை இரண்டும் மத்திய அமைச்சர்களுக்குப் பதில் சொல்லும் நிறுவனங்கள். அவற்றைப் பற்றித்தான் பாராளுமன்றத்தில் நேராகக் கேட்க முடியும்.

இங்கே ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அத்தோடு மாகாண அமைச்சரை எழுப்பிக் கேள்வி கேட்கும் உறுப்பினர்களும் இல்லாமல் போனார்கள். நிர்வாகம் ஆளுநரின் கையில் தொடர்ந்தது. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சில் காலாவதியாகி, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை வெறுமையாய் இருந்தன. கேட்பாரில்லாத இடத்தில் கோப்பு உறங்கும். தேர்தல் பிந்துவதை அரசியல்வாதிகளின் சண்டையாக மட்டும் பார்ப்பவர்கள், தம் ஒழுங்கைச் சேறு அதனோடு சம்பந்தப்பட்டது என்பதை உணர வேண்டும்.

சகோதரிகள் செய்யக் கூடியவை

முதலாவது, குறையை எழுத்தில் வையுங்கள். வாய்ப்பேச்சு காற்றில் போகும். திகதி, இடம், எத்தனை குடும்பம், எத்தனை மாதம் என்று எழுதி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலமோ பள்ளிவாசல் நிர்வாகத்தின் மூலமோ உறுப்பினருக்கு அனுப்புங்கள். பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். அயலிலுள்ள தமிழ்ச் சகோதரிகளின் கையொப்பமும் அதில் இருக்கட்டும்.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. உறுப்பினர் சபையில் கேட்பதைப் போல நீங்களே அலுவலகத்தில் கேட்கலாம். ஒவ்வொரு பொது நிறுவனத்திலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு.

மூன்றாவது, தேர்தல் காலத்தில் வாசலுக்கு வருபவரிடம் அரிசிப் பையைப் பற்றிப் பேசாதீர்கள். சென்ற முறை எத்தனை நாள் சபைக்குப் போனீர்கள், எங்கள் ஊருக்காக எத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று கேளுங்கள். வாக்கு ஒரு சாட்சியம். சாட்சியத்தை விற்பது மார்க்கத்தில் எவ்வளவு பெரிய பாவம் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான்காவது, நல்லது நடந்தால் நன்றி சொல்லுங்கள். நீதியாக விடை சொன்ன அதிகாரிக்கு துஆச் செய்யுங்கள். குறை கேட்கவே வாய் திறக்கும் சமுதாயத்துக்கு எவரும் செவி சாய்ப்பதில்லை.

அமைச்சர் அல்லாஹ்வின் முன் நிற்கும்போது அவரிடம் கேட்கப்படும். அவரைக் கேட்க வேண்டிய உறுப்பினரிடமும் கேட்கப்படும். கேட்கும்படி உறுப்பினரைத் தூண்டாமல் “நமக்கென்ன” என்று இருந்த நம்மிடமும் கேட்கப்படும். செவிப்புலனும் பார்வையும் உள்ளமும் யாவும் விசாரிக்கப்படும் என்பது அல்குர்ஆன் தரும் எச்சரிக்கை. அந்த நாளின் கணக்கை இலேசாக்கிக் கொள்ள இன்றே இங்கே கணக்குக் கேட்கும் சமுதாயமாகவும், கேட்டால் கணக்குக் காட்டும் சமுதாயமாகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.