காகம் கரகமான கதை

பழைய பாணி ஆங்கில எழுத்துருக்களில் எந்தக் கோடும் சும்மா முடிவதில்லை. நுனியில் ஒரு சிறு அடிக்கட்டை இருக்கும். அலங்காரம் கூடினால் அது மீன்வால்போல் பிளந்து சுருளும். இந்த நுனிக்கு செரிஃப் என்று பெயர்.

கி.பி. 113இல் ரோமில் எழுந்த டிராஜன் தூணின் கல்வெட்டைத்தான் இதற்கு முன்மாதிரியாகக் காட்டுவார்கள். உளி தந்த வடிவம் என்றே பலர் நம்பினர். அமெரிக்கப் பாதிரியார் எட்வர்ட் கேட்டிச் 1968இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார்: முதலில் தட்டைத் தூரிகையால் எழுதினார்கள், கோட்டை முடிக்கும்போது தூரிகை திரும்பிய தடமே செரிஃப், உளி அதன் மேலேயே ஓடியது. சுருண்ட நுனியும் பழையதே. 4ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் தமாசுஸுக்காகக் கல்வெட்டெழுத்து வரைந்த பிலோகாலஸ் அதைக் கையாண்டார். 1827இல் நியூயோர்க்கின் டேரியஸ் வெல்ஸ் இயந்திரத்தால் மர அச்செழுத்துச் செதுக்கத் தொடங்க, சுவரொட்டிகளில் அலங்காரம் மலிந்தது.

மாத்தளை நகருக்கு வடக்கே அளுவிகாரைக்குப் போனால் கதை வேறு. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் ஏறிய இடம் அது என்பது பௌத்த மரபு. ஓலையின் நார் நீளவாக்கில் ஓடும். எழுத்தாணியால் அதே திசையில் கோடு இழுத்தால் ஓலை கிழியும். சிங்கள எழுத்து உருண்டதற்கு இதையே காரணம் சொல்கிறார்கள். அதே மாவட்டத்தின் தம்புள்ளைக் குகைப் புருவத்தில் வெட்டிய பிராமி எழுத்தோ பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனது. ஆனால் எனக்கு இந்த விளக்கம் பாதிதான் ஒப்புகிறது. தமிழும் ஓலையில்தான் வாழ்ந்தது. டகரமும் பகரமும் இன்னும் நேராகத்தானே நிற்கின்றன!

செரிஃப் வைக்கப்போனால் தமிழுக்கு உண்மையான சிக்கல் எழுத்தின் பாதத்தில் இருக்கிறது. ஏட்டுச்சுவடிகளில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். இடம் பார்த்துத்தான் வாசித்தார்கள். இன்று இரண்டையும் பிரிப்பது ரகரத்தின் அடியில் சாயும் அந்தச் சிறு கீற்று. ஆங்கிலத்தில் அடிக்கட்டை வெறும் அணி, தமிழில் அதே இடத்தில் பொருள் தங்கியிருக்கிறது. அழகுக்காகத் துணைக்காலுக்கும் ஒரு நுனி வைத்தால் பாதம் பரதமாகும், காகம் கரகமாகும். லத்தீன் எழுத்தைப் பார்த்துத் தமிழ் எழுத்துரு வரைபவர்கள் முதலில் இடறும் இடம் இது. மேலே நுனி வைக்கலாம், தடிப்பையும் மெலிவையும் மாற்றி மாற்றித் தரலாம். காலின் அடியைத் தொடக்கூடாது.

பயன்பாட்டுக்கும் அளவு உண்டு. கறுவாப் பொதியில் கடையின் பெயருக்கு, கல்யாணக் கடதாசியில் மணமக்கள் பெயருக்கு, மாத்தளை முத்துமாரியம்மன் மாசித் தேர் அறிவித்தலில் அம்மன் பெயருக்கு இந்த அலங்கார எழுத்து கச்சிதம். நேரம், முகவரி, உபயகாரர் பட்டியல் என்று இறங்கினால் மயிரிழைக் கோடுகள் அச்சில் அறுந்துபோகும், சுருள்களுக்குள் மை அடைக்கும். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் மிகச் சிறிய அளவில் ஒரு தாள் எடுத்து, கண்ணாடி போட்ட ஒருவரிடம் உரக்க வாசிக்கக் கொடுங்கள். அவர் காகத்தைக் கரகம் என்று வாசித்தால் எழுத்துருவை மாற்றிவிடுங்கள்.