பெரிய பேட்டரி 80%... ஆனா கார் கதவே திறக்கல! நிறுத்தி வெச்ச எலெக்ட்ரிக் காரில் என்ன நடக்குது?

வெளியூர் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வீடு திரும்புகிறீர்கள். ஷெட்டில் நிற்கும் எலெக்ட்ரிக் காரின் சாவியை அழுத்தினால் சத்தமே இல்லை. கதவு திறக்கல, லைட் எரியல. கிளம்பும்போது 80 சதவீதம் இருந்த சார்ஜ் எங்கே போச்சு?

எங்கேயும் போகலை, அப்படியேதான் இருக்கு. தீர்ந்தது இன்னொரு பேட்டரி.

எலெக்ட்ரிக் காரில் சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பேட்டரியோடு, பெட்ரோல் காரில் இருப்பது போலவே 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கும். கதவுப் பூட்டு, விளக்கு, அலாரம், காரின் கம்ப்யூட்டர் எல்லாமே அதை நம்பித்தான். காரை ஆஃப் செய்ததும் பாதுகாப்புக்காகப் பெரிய பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்படும். அதைத் திரும்ப இணைக்கும் ரிலே சுவிட்சுக்கும் 12 வோல்ட் மின்சாரம் தேவை. பெட்டி நிறைய பணம் இருந்தும் சாவி தொலைந்த கதைதான். பல மாடல்களில் இந்த நிலையில் சார்ஜரைச் சொருகினாலும் சார்ஜ் ஏறாது.

சும்மா நிற்கும்போது ஏன் இறங்குது?

நிற்கும் கார் முழுசாகத் தூங்குவதில்லை. உதாரணமாக 45 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார் 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் அவர்கூட செலவாகாது. அதுவே ஏதோ ஒரு யூனிட் தூங்காமல் 1 ஆம்பியர் இழுத்தால், ஒரே நாளில் பாதிக்கு மேல் காலி. தனியாக மாட்டிய டேஷ்கேம், மொபைல் ஆப்பில் அடிக்கடி சார்ஜ் பார்ப்பது, ஸ்மார்ட் சாவியைக் காருக்குப் பக்கத்திலேயே மாட்டி வைப்பது எல்லாமே காரை எழுப்பிவிடும். போதாக்குறைக்கு நம்ம ஊர் வெயிலில் லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரமே பலவீனமாகும்.

சில கார்கள் நிற்கும்போதே பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். உங்க காரில் அந்த வசதி இருக்கான்னு மேனுவலில் பாருங்க.

ஐயோனிக் 5 விவகாரம் வேற

2024 ஜூனில் ஹூண்டாய் இந்தியா 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. அடுத்த மாதம் கியா 1,138 இவி6 கார்களை அழைத்தது. சின்ன பேட்டரிக்கு சார்ஜ் அனுப்பும் ஐசிசியு யூனிட்டில் இருந்த கோளாறுதான் காரணம். அதாவது நின்றதால் வந்த பிரச்சனை இல்லை. ஓட்டினாலும் சின்ன பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம். தினமும் ஓட்டும் காரிலேயே 12 வோல்ட் எச்சரிக்கை வந்தால் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு சும்மா இருக்காதீங்க, சர்வீஸில் காட்டுங்க.

பாகூரில் ராத்திரி மாட்டிக்கிட்டா?

அவசரமாக ஜிப்மர் போக வேண்டிய நேரத்தில் கார் இப்படிக் கிடந்தால் நிஜமாகவே சிக்கல். முதலில் 108-ஐ கூப்பிடுங்க, காரை அப்புறம் பார்க்கலாம். தள்ளி ஸ்டார்ட் பண்றது இதில் நடக்காது.

ஆனால் நல்ல விஷயம் ஒன்று உண்டு. எலெக்ட்ரிக் காரை எழுப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்ற வேண்டியதில்லை. கொஞ்ச மின்சாரமே போதும். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாதா சாவியால் கதவைத் திறந்து, மேனுவல் காட்டும் இடத்தில் சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டரை இணைத்தாலே பெரும்பாலும் கார் விழித்துக்கொள்ளும். நெல் விளையும் ஊரில் டிராக்டருக்குப் பஞ்சமில்லை. 12 வோல்ட் டிராக்டர் பேட்டரியும் உதவும். லாரி பேட்டரி மட்டும் வேண்டாம், பெரும்பாலும் அது 24 வோல்ட். அதே போல, உங்க எலெக்ட்ரிக் காரை வைத்து அடுத்தவர் வண்டியை ஜம்ப் ஸ்டார்ட் செய்வதைப் பல நிறுவனங்கள் தடுக்கின்றன.

பத்து நாளைக்கு மேல் வெளியூர் போறீங்களா? டேஷ்கேமைக் கழற்றிவிட்டு, சாவியைத் தள்ளி வைங்க. பெரிய பேட்டரி 50, 60 சதவீதத்தில் இருந்தால் போதும். வீட்டில் யாராவது இருந்தால் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் 'ரெடி' என்று காட்டும் நிலையில் காரை ஆன் செய்து வைக்கச் சொல்லுங்க. வெறும் ரேடியோ மட்டும் போட்டு உட்கார்ந்தால் பல கார்களில் சின்ன பேட்டரி இன்னும் இறங்கத்தான் செய்யும். மூன்று வயது தாண்டிய பேட்டரியை வில்லியனூர் கடைத்தெருவில் எந்த பேட்டரி கடையிலும் டெஸ்ட் பண்ணிக்கலாம், ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல், 12-க்குக் கீழே போனால் ஆபத்து.

ஒரே ஒரு விதிவிலக்கு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் நேரத்தில் நடந்தது போல கார் வெள்ளத்தில் நின்றிருந்தால், ஜம்ப் ஸ்டார்ட், சார்ஜர் எதையும் தொடாதீங்க. சர்வீஸ் ஆட்களை அழைத்து, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் வண்டியில்தான் அனுப்ப வேண்டும்.