ஈஸ்டர் காலையில் ஒரே பந்தி

இயேசு உயிர்த்தெழுந்த முதல் ஞாயிறன்று நடந்ததை எழுதும் லூக்கா, விடியற்காலைக் கல்லறையில் தொடங்கிச் சாயங்காலம் ஒரு வீட்டுப் பந்திக்கு நம்மைக் கூட்டிவருகிறார். எருசலேமிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எம்மாவு என்ற ஊருக்கு இரண்டு பேர் மனம் சோர்ந்து நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் பெயர் கிலெயோப்பா. வழியில் சேர்ந்துகொண்ட ஒருவர் வேதத்தை விளக்கிக்கொண்டே வருகிறார். அவர் யாரென்று இவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் வந்ததும், பொழுது சாய்ந்துவிட்டதே என்று அவரை வருந்தி அழைத்து வீட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள். விருந்தாளியாக வந்தவர் அப்பத்தை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டுக் கொடுக்கிறார். அந்த நொடியில்தான் அவர் இன்னாரென்று அவர்களுக்குத் தெரிகிறது. யோவான் எழுதிய சுவிசேஷத்திலும் இப்படி ஒரு காட்சி உண்டு. இரவெல்லாம் வலைவீசிக் களைத்துக் கரையேறும் சீஷர்களுக்காக உயிர்த்த இயேசு கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார்.

ஈஸ்டர் பிரசங்கங்களில் காலியான கல்லறைக்குக் கிடைக்கும் இடம் இந்தப் பந்திகளுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஈஸ்டரைக் கொண்டாடும் முறையில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் ஏதோ ஒரு ஞாயிறு. லெந்து காலத்தின் நாற்பது நாளும் கறிமீன் தொடாமல் இருந்த வீடுகள், குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளியின் மும்மணி தியானம் எல்லாம் கடந்து சனிக்கிழமை இரவில் மெல்லப் பரபரப்பாகின்றன. வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போடுகிறார்கள். மறுநாள் இட்லிக்கு மாவு ஆட்டிவைக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணி ஆராதனைக்கு மூன்றரைக்கே முதல் மணி அடித்துவிடும். பிள்ளைகளைத் தட்டி எழுப்புவது பெரும்பாடு; ஆனால் வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் அவர்கள் சிணுங்குவது குறைவு. இருட்டில் மெழுகுவர்த்தியோடு நடந்துபோகும் சந்தோஷம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பல ஊர்களில் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போகிறார்கள். தாத்தா பாட்டியின் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பமாக நின்று ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். பெரிய வெள்ளியன்று கனத்திருந்த குரல்கள் இங்கே தெளிந்துவிடுகின்றன. செத்தவர்களின் நடுவே நின்று உயிர்த்தெழுதலைப் பாடுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பிறகு கோயில். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பாயில் உட்காரும் வழக்கம் கிராமத்துச் சபைகளில் இன்னும் உண்டு. ‘கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்’ என்று ஐயர் சொல்ல, ‘மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்’ என்று சபை முழங்குகிறது. திருவிருந்து தொடங்குவதற்கு முன் சமாதானம் கொடுக்கும் நேரம் வரும். ஐயர் இறங்கிவந்து முன்னால் இருப்பவரின் கூப்பிய கைகளைத் தம் இரு கைகளுக்குள் வாங்கி விடுகிறார். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் பக்கத்திலிருப்பவருக்கு என்று அது கைமாறிக் கடைசிப் பாய் வரை போகிறது. இந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது என்று பலர் யோசித்திருக்க மாட்டார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபுகளைச் சேர்ந்த சபைகள் சென்னையில் ஒன்றாகி, தென்னிந்தியத் திருச்சபையாயின. அந்தச் சபை 1950-இல் தனக்கென்று உருவாக்கிக்கொண்ட திருவிருந்து முறைமை, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் இந்தப் பழைய வழக்கத்தைத் தனதாக்கிக்கொண்டது. குருவானவர் சபைக்கு முதுகு காட்டாமல், மேசைக்குப் பின்னால் நின்று மக்களைப் பார்த்து ஆராதனை நடத்துவதற்கும் அது வழிசெய்தது. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில் இந்த மாற்றம் பரவியது 1960-களில்தான். வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர் சாப்பிடுகிறவர்களைப் பார்த்துத்தானே நிற்பார்? நம் மண்ணில் உருவான அந்த முறைமை அதை உணர்ந்திருந்தது. இதில் நாம் பெருமைப்படலாம்.

அப்புறம் குடும்பம் குடும்பமாக எழுந்துபோய் முழங்கால் படியிடுகிறார்கள். முக்காடிட்ட பாட்டி, பக்கத்தில் மருமகள், அவளுக்கு அடுத்து இந்த வருஷம்தான் திடப்படுத்தல் முடித்த பேத்தி. அவளுக்கு இது முதல் ஈஸ்டர் திருவிருந்து. நீட்டிய கை லேசாக நடுங்குகிறது. திடப்படுத்தல் ஆகாத சின்னப் பையனின் தலையில் ஐயர் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு நகர்கிறார். தனக்கு ஏன் அப்பம் இல்லை என்று அவன் வீட்டுக்கு வந்து கேட்பான். கேட்கட்டும். வேதபாட வகுப்பில் பாதி நேரம் தூங்குகிற பிள்ளைகூட இந்தக் கேள்வியை விடமாட்டான். பதில் சொல்ல அப்பா அம்மா கொஞ்சம் படிக்கவும் வேண்டியிருக்கும்.

கோயிலில் நடக்கும் இந்தப் பந்திக்கான ஆயத்தம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் நடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு பாயை விரித்து, ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், ஒரு ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். காலை அரிசி களையும்போது ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப்பானையில் போட்டுவைத்த அம்மாக்களின் அடுப்படியும் இந்த ஆராதனையின் ஒரு பகுதிதான். நெல்லைச் சீமையின் சபைகளும் பள்ளிகளும் அந்தப் பிடி அரிசியில் நிறையவே வளர்ந்தன. இன்று பாய் விரிக்கும் நேரத்தை டியூஷனும் தொலைக்காட்சியும் செல்போனும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆளுக்கொரு மூலையில் இருந்துவிட்டு, ஞாயிறு காலையில் மட்டும் ஒரு குடும்பமாக முழங்கால் படியிடும்போது ஏதோ ஒன்று குறையத்தான் செய்யும்.

இதை 2020 நமக்கு உறைக்கும்படி காட்டியது. மார்ச் 25 அன்று ஊரடங்கு. ஏப்ரல் 12 அன்று ஈஸ்டர். கோயில்கள் பூட்டிக் கிடந்தன. ஆளில்லாக் கோயிலில் ஐயர் செல்போனைப் பார்த்து ஆராதனை நடத்த, வீடுகளில் குடும்பங்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தன. பல வருஷமாக நின்றுபோயிருந்த குடும்ப ஜெபம் எத்தனையோ வீடுகளில் அந்த வாரம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கேள்வியும் உலகமெங்கும் சபைகளில் எழுந்தது: வீட்டில் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே திருவிருந்தில் பங்குபெறலாமா? சிலர் பெற்றார்கள். சிலர், கோயில் திறக்கும்வரை பசியோடு காத்திருக்கிறோம் என்றார்கள். என் மனம் காத்திருந்தவர்களோடுதான். திருவிருந்தை யாரும் தானே எடுத்துச் சாப்பிட முடியாது. இன்னொரு கை கொடுக்க வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் இருப்பவர் யார் என்பதில்தான் நம் சரித்திரத்தின் வலி இருக்கிறது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றதைக் கேள்விப்பட்ட பவுல், இது கர்த்தருடைய பந்தியே ஆகாது என்கிற அளவுக்குக் கண்டித்து எழுதினார். தமிழ்நாட்டில் அந்தக் கதை சாதியாக வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய சபைகளில் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் சாதி முறை பார்த்தார்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றறிக்கை எழுதியபோது பெரிய கொந்தளிப்பு எழுந்தது. ஒரே பாத்திரத்தில் குடிப்பதைவிடச் சபையை விட்டுப்போவதே மேல் என்று விலகியவர்கள் இருந்தார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தைக் காக்க வாதாடியவர். அவர் பாட்டை நேசிப்பவர்கள் இந்த உண்மையையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

நெல்லைச் சபையின் தொடக்கத்தில் வேறொரு முகம் இருக்கிறது. குளோரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவைக்கு 1778-இல் சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். உற்றாரும் ஊராரும் ஏற்காத அந்தப் பெண்ணைச் சுற்றித்தான் பாளையங்கோட்டையில் சபை கூடியது. 1780-ஆம் வருஷத்துப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். 1785-இல் கோட்டைக்குள் அவர் கட்டிய கோயில் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே அழைக்கப்படுகிறது. சொந்தம் இல்லாதவருக்குச் சபையே குடும்பமானது. இன்றைய பெரிய திருமண்டலத்துக்கு அந்தச் சிறு கூட்டம்தான் வித்து.

இப்போது ஒரே பாத்திரம் என்பது பெரும்பாலும் சண்டையில்லாமல் நடக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கிற சபைகளும் பல. ஆனால் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னமும் இருக்கின்றன. ஈஸ்டர் விடியலில் மெழுகுவர்த்தியோடு போய் நிற்கும் அதே இடத்தில் சுவர் நிற்கிறது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் இறந்தவர்களைப் பிரித்துப் புதைப்பது, அந்த விசுவாசத்தையே மறுதலிப்பதுதான். கல்யாணத்திலும் இதே சுவர். ஞாயிறன்று பக்கத்தில் முழங்கால் படியிட்டவரின் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்கிறவர்கள் எந்தப் பந்தியில் கைநீட்டினார்கள் என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

கோயில் முடிந்து வீட்டுக்கு வந்தால் இட்லியும் கறிக்குழம்பும். முதலூர்ப் பக்கம் என்றால் தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டிய மஸ்கோத் அல்வா எப்படியும் ஒரு பொட்டலம் வந்துசேரும். பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்குத் தூக்குவாளியில் குழம்பு போகும். இந்தச் சாப்பாட்டையும் ஆராதனையின் தொடர்ச்சி என்றே நான் எண்ணுகிறேன். எம்மாவு வீட்டில் நடந்ததும் ஒரு சாதாரண ராச்சாப்பாடுதான்.

அதனால் வரும் ஈஸ்டருக்கு மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். படுக்கையில் கிடக்கும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஐயரிடம் முன்கூட்டியே சொல்லி வீட்டுக்குத் திருவிருந்தைக் கொண்டுவரச் செய்யுங்கள். அவர் அந்தப் பந்திக்கு ஏங்கிக்கொண்டிருப்பார். சனிக்கிழமை இரவு கால் மணி நேரம் பாயை விரித்து, லூக்கா 24-ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, உங்கள் தெருவில் தனியாக இருக்கிற அந்த அத்தையையோ, உங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்காவையோ ஞாயிறு மத்தியானம் அழைத்து, உங்களோடு ஒரே வரிசையில் உட்காரவைத்து முதல் இலையை அவர்களுக்குப் போடுங்கள்.