கவாகோயே நகரில் ஒரு நாள்

நெய்வதும் விளைவிப்பதும் நம் கையில். விலையோ பிறர் கையில் என்பது அங்கத்தினர்களின் நெடுநாளைய முறையீடு. இதனை மனத்திற்கொண்டே, ஜப்பான் சென்றிருந்தபோது ஒரு நாளைக் கவாகோயே நகருக்கென ஒதுக்கினோம். டோக்கியோவின் இக்கெபுகுரோ நிலையத்திலிருந்து விரைவு வண்டியில் அரைமணி நேரப் பயணம்.

பிரதான வீதியின் இருமருங்கிலும் கருஞ்சாந்து பூசிய தடித்த மண்சுவர்க் கடைகள் நிற்கின்றன. 1893-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் நகரில் மூன்றிலொரு பங்கு அழிந்தது. அத்தீக்குத் தப்பியவற்றுள் 1792-இல் எழுந்த மண்சுவர்க் கடையொன்றும் உண்டு. அதுகண்ட வணிகர்கள் தம் கடைகளையும் அம்முறையிலேயே கட்டினர்.

இவ்வூரின் விளைபொருள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. டோக்கியோ 'எடோ' என வழங்கிய காலத்தில் ஷிங்காஷி ஆற்றில் படகேறி அங்குச் சென்றது. அதற்குப் 'பதின்மூன்று ரி' என்று பெயர். 'ரி' என்பது ஏறத்தாழ 4 கிலோமீட்டர். 'குரி' என்னும் சொல் செஸ்ட்நட் கொட்டையையும் ஒன்பது ரியையும் குறிக்கும். 'யோரி' என்பது 'காட்டிலும்' என்றும் நான்கு ரி என்றும் பொருள்படும். ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. ஆகவே, கொட்டையினும் சுவையானது என்பது குறிப்பு. எடோவிலிருந்து கவாகோயேயின் தூரமும் சற்றேறக்குறைய அதுவே. ஒரே பெயரில் சுவையும் ஊரும் அடங்கிவிட்டன! இன்று அக்கிழங்கு வறுவலாகவும், இனிப்பாகவும், ஐஸ்கிரீமாகவும் விற்கிறது.

நெசவாளர்கள் அறியவேண்டியது 'தோஸான்' என்னும் மெல்லிய கோடிட்ட பருத்தித் துணி. முற்காலத்தில் டச்சுக் கப்பல்கள் நாகசாகியில் இறக்கிய இந்தியத் துணிக்கு, நம் சோழமண்டலக் கரையின் சாந்தோமை ஒட்டி 'சாந்தோமே' எனப் பெயர் வழங்கிற்று. தோஸான் என்பதன் 'ஸான்' அதன் எச்சமே. 1859-இல் யோகோஹாமா துறைமுகம் திறக்கப்பட்டதும், கவாகோயே வணிகர்கள் அந்நிய ஆலைநூலை வாங்கி, இத்துணியை உள்ளூரிலேயே நெய்வித்தனர். அது தம் ஊர்ப்பெயரையும் சேர்த்துக் 'கவாதோ' ஆயிற்று. பின்னர் அத்தொழில் நலிந்தது. எனினும் இன்றும் சில கடைகளில் அத்துணி கிடைக்கிறது.

பெயர் நம் கரையிற் பிறந்தது, முத்திரையோ அவர்களுடையதாயிற்று. துணியை அனுப்பிய நாம் நம் ஊர்ப்பெயரைக் காத்துக்கொள்ளவில்லை. சங்கத்திலிருந்து வெளிச்செல்லும் ஒவ்வொரு சிப்பத்திலும் ஊர்ப்பெயர் உள்ளதா என்று நிர்வாகக் குழுவினர் நோக்குக. அளவு குறையாமலும் சாயம் போகாமலும் இருந்தாலன்றி அப்பெயர் நில்லாது என்பதையும் நெய்வோர் மறவாதிருப்பாராக. நம் முறையீட்டின் ஒரு பாதிக்கேனும் பரிகாரம் நம்மிடமே உள்ளது.