ஒரு சாண் கிளை போதும்: செம்பருத்தியை உடன் கொண்டு போகலாம்

மாணவர்களே, கெடா தோட்டத்து லயங்களில் வாசலோரம் வேலியாக நிற்கும் செடி எது? செம்பருத்திதான். பாட்டி காலையில் பறித்துச் சாமி படத்துக்கு வைக்கும் அந்தச் சிவப்புப் பூவே 1960-இல் நம் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட 'புங்கா ராயா'. அதன் அறிவியல் பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா சினென்சிஸ்.

பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் இடம்விட்டுவிட்டன. அங்கிருந்த குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்தன. லயம் இடிந்தால் வேலியும் போய்விடும். ஆனால், பாட்டி வளர்த்த அதே செம்பருத்தியை உங்கள் புது வீட்டிலும் வளர்க்க முடியும்.

எப்படி என்கிறீர்களா? நம் வீட்டுச் சிவப்புச் செம்பருத்தி நாள்தோறும் பூத்தாலும் பெரும்பாலும் காய்ப்பதில்லை. அதனால் கிளையை வெட்டி நட்டே அதைப் பெருக்குகிறோம். இதற்குத் தழைவழி இனப்பெருக்கம் என்று பெயர். கிளையின் நுனியிலும் இளம் இலைகளிலும் உருவாகும் ஆக்சின் என்னும் ஹார்மோன் கீழே இறங்கி, வெட்டிய இடத்தில் சேர்கிறது. அங்குள்ள செல்கள் பிரிந்து வேர்களாகின்றன. புதுச் செடியில் இருப்பவை தாய்ச்செடியின் அதே மரபணுக்கள். பால்மரத்தில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்களைக் கண் ஒட்டுக் கட்டிப் பெருக்கியதும் இதே அடிப்படையில்தான்.

நீங்களும் செய்து பாருங்கள். பென்சில் பருமனில், அரை முதிர்ச்சியடைந்த, பூச்சியில்லாத கிளையைத் தேர்ந்தெடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டுங்கள். மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். இலைப்பரப்பு குறைந்தால் நீராவிப்போக்கும் குறையும். மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர்விடும். பிறகு மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்குங்கள். வளர்ந்த செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

மண் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் நீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் இலை மஞ்சளாகும். தொட்டியின் அடித்தட்டில் நீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். எனவே வாரத்துக்கு இருமுறையாவது தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். பூக்கள் புதுத் தளிரில் வருவதால் அவ்வப்போது கவாத்துச் செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நகல் செடிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பலம், ஒரே பலவீனம். ஒன்றைத் தாக்கும் பூச்சி வேலி முழுவதையும் எளிதில் தாக்கலாம். தளிர் சுருங்கி, வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். ஆகவே எறும்பு ஏறினால் உடனே கவனியுங்கள். தாக்கப்பட்ட நுனியை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தை வேகமான நீரால் அடித்துக் கழுவுங்கள்.

அடுத்த விடுமுறையில் தோட்டத்துக்குப் போனால், பாட்டியிடம் ஒரு கிளை கேட்டு வாங்கி வாருங்கள். உங்கள் வாசலில் பூக்கப்போவது அவர் பறித்த அதே செடியின் பூ.