உங்களுக்குத் தெரியுமா? வரிப் பட்டியலின் உச்சியில் பாடகிகள்

1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய லக்னோவின் நகர வரிப் பதிவேடுகளில், மிக அதிக வரி கட்டும் பிரிவில் இருந்தவர்கள் தவாயிஃப் எனப்பட்ட ஆடல், பாடல் பெண்கள்!

• ஜப்பானின் கெய்ஷாக்கள் ஷாமிசென் இசை, நடனம், தேநீர்ச் சடங்கு ஆகியவற்றை அந்நாளில் சிறு வயதிலேயே கற்கத் தொடங்கினார்கள். அதுபோலவே தவாயிஃப்கள் கற்றது தும்ரி, கஜல் இசையும் கதக் நடனமும். கூடவே உருதுக் கவிதையும் சபை நாகரிகமும். உஸ்தாதுகள் எனப்படும் ஆசான்களிடம் பல்லாண்டுப் பயிற்சி. கோத்தா எனப்படும் தவாயிஃப்களின் இல்லத்தை நிர்வகித்தவர் மூத்த பெண்மணியான சௌத்ராயன். பிரபுக்கள் தம் மகன்களைப் பேச்சும் பண்பும் பழக அங்கே அனுப்பியதும் உண்டு. தவாயிஃப்களை வெறும் கேளிக்கைக்காரிகளாகப் பார்ப்பது பெரும் அநீதி.

• 1902இல் கல்கத்தாவில் கிராமபோனுக்குப் பாடி, இந்திய இசைத்தட்டு வரலாற்றைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர் கௌஹர் ஜான். அவரும் தவாயிஃப்தான்.

• தவாயிஃப்களைப் போலவே ஆடலும் பாடலும் கற்ற நம் தேவதாசி மரபில் வந்த பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, கெய்ஷாக்களின் நாடான ஜப்பானுக்கே போய் 1961இல் டோக்கியோவில் ஆடினார்.

• டெல்லியின் சாவ்ரி பஜார் ஒரு காலத்தில் கோத்தாக்களுக்குப் பெயர்பெற்ற தெரு. அதன் அருகே, ஹௌஸ் காஜியில், நடனப் பெண்ணாக இருந்து ஆங்கிலேய அதிகாரி ஆக்டர்லோனியின் துணைவியான முபாரக் பேகத்தின் பெயரில் 1820களில் எழுந்த பள்ளிவாசல் இருக்கிறது. 2020 ஜூலை மழையில் அதன் மூன்று குவிமாடங்களில் ஒன்று இடிந்தது.

டெல்லி கரோல் பாக்கில் இருப்பவர்கள் ராஜீவ் சௌக்கில் மெட்ரோ மாறி சாவ்ரி பஜாரில் இறங்கலாம். அவசியம் போய்ப் பாருங்கள்.