பழைய அட்டையும் புதிய கணினியும்

வள்ளம் பழுதுபட்டதென்று அதன் இயந்திரத்தையும் எறிந்துவிடுவார் பள்ளிவாசல்துறையில் உண்டோ? கணினிக்கும் அந்நீதி பொருந்தும்.

2022 ஆம் ஆண்டில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு உயர்ந்தபின், பிள்ளையின் படிப்புக்கெனக் கணினி அமைப்பது குடும்பத்துக்குப் பெரும் பாரமாயிற்று. திரையில் உருவங்களை வரைந்துகாட்டும் கிராபிக்ஸ் அட்டையையேனும் பழைய கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

புதிய தாய்ப்பலகையில் அது பொருந்துமா? 2003 இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையின் பிந்திய பதிப்புகள் முந்தியவற்றை ஏற்பன. ஆதலின் 2016 இல் வெளிவந்த ஜீடிஎக்ஸ் 1060 அட்டை இன்றும் இயங்கும். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஒக்டோபர் வரை வருமென நிறுவனத்தார் அறிவித்துள்ளனர்.

எனினும் அவ்வட்டைக்கு வேண்டுவது 120 வாற்று மின்சாரம். செருகுவாய் தருவதோ 75 வாற்றே. எஞ்சியது மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பிவழி வருதல் வேண்டும்.

கடலோரத்தில் உப்புக்காற்றும் ஒரு பகை. மின்சாரத்தைத் துண்டித்து, விசிறியின் தூசை மென்தூரிகையால் நீக்குக. பொன்முலாம் பூசிய பற்களை அழிறப்பரால் மெல்லத் துடைக்க. பச்சைக் களிம்பு அரித்த அட்டையை நம்பற்க.

மீந்த பணத்தில் நல்ல மின்வழங்கி வாங்குக. மலிவானது கெடும்போது, காத்துவைத்த அட்டையையும் உடன்கொண்டு போய்விடக்கூடும்.